இறங்கு முனை

கல்மேடு,
3-8-1981

அன்புள்ள சுகராவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நாற்றம் பொறுக்க முடியாமல் உங்கள் சவ்வுக் களத்தை என் நிலத்திலிருந்து கிளப்பப் பார்க்கிறேன் என்று ஆம்பூர் வரை ஒரு பேச்சு நடக்கிறதாம். அது தவறு. தோலின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த சவ்வைப் பசை காய்ச்சுவதற்காக வெயிலில் காயப் போட்டால் நாறத்தான் செய்யும். பதினோரு வருடமாக அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். உன்னிடமோ, காலமான உன் கணவரிடமோ ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கிறேனா? இதைச் சொன்னவர் யாரானாலும் அவருக்கு என் கடிதத்தைக் காட்டலாம்.

நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது குறை சொல்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? மருந்து விடுகிறாயா?

விஷயம் இதுதான். யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட எங்கள் ஊர் விமானத் திடலில் ஜூன் மாதம் முதல் பயிற்சி விமானங்கள் இறங்குகின்றன. சம்பத் என்ற பயிற்சியாளர் வந்திருக்கிறார். மரியாதை தெரிந்த மனிதர். திடலைச் சுற்றியுள்ள நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இப்போது ஒரு வரைவுத் திட்டம் போடுகிறார்கள். இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டடம் கூடாது, மரம் கூடாது, விமானம் இறங்கும் முனையில் பறவைகளைக் கூட்டும் எந்தத் தொழிலும் கூடாது. சவ்வுக்குப் பருந்து வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களம் இருக்கும் எங்கள் கிழக்கு நிலத்தின் மேல் எந்த நேரமும் நூறு பருந்தாவது வட்டமிடுகிறது. போன புதன்கிழமை ஒரு விமானம் அவற்றின் நடுவே இறங்கியது. மாடியிலிருந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்த கையை அரை மணி நேரம் எடுக்க முடியவில்லை.

இருபத்தொரு நாள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துப் பார்த்தேன். எழுபத்து மூன்று முறை இறங்கின. அத்தனையும் கிழக்கிலிருந்துதான். மேற்குப் பக்கம் ஏறிப் போகும்போது மட்டும் போகின்றன, அதுவும் நல்ல உயரத்தில். திட்ட ஆபீசிலிருந்து அளக்க வந்த பச்சையப்பன் என்பவர் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, கிழக்கு முனைக்கு மட்டும் சிவப்பு மை பூசிக்கொண்டு போனார்.

ஆகவே களத்தை என் மேற்கு நிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிலம் இரண்டும் ஒரே அளவுதான், தண்ணீரும் உண்டு. குத்தகைப் பத்திரம் உன் பேரில் இருப்பதால் உன்னிடமே கேட்கிறேன்.

என்றும் உன்,
தனபாக்கியம்

*

ஆம்பூர்,
14-8-1981

என் பிரியமுள்ள தனம்,

அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். என் கண்ணில் மட்டும் புகை போட்ட மாதிரி இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் நம் பள்ளிக்கூடத்து மதரிடம் சொல்லிவிடாதே.

நாற்றப் பேச்சைக் கேட்டு நான் சிரித்தேன். உனக்குப் பிடிக்காவிட்டால் பதினோரு வருடம் சும்மாவா இருந்திருப்பாய்? பதினோரு நிமிடம்கூட இருக்க மாட்டாய்.

பிள்ளை வஹீதுக்கு மனசில்லை. "இப்போதான் கிழக்கே கொட்டகை போட்டேன்மா, மறுபடியும் பேஜார்" என்றான். நான், "தனம் நோட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கு தப்பாது. தப்பினாலும் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் மாற்றிவிடு" என்றேன். ஞாபகம் இருக்கிறதா? தையல் வகுப்பில் ரவிக்கைக் கையை உள்பக்கம் வெளியே வரத் தைத்துவிட்டு, "துணிதான் திரும்பிவிட்டது, மதர்" என்றாயே. ஐம்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. இன்னும் நினைத்தால் வயிறு வலிக்கிறது.

ரம்ஜான் முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் மாற்றச் சொல்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் சுகரா

*

கல்மேடு,
6-9-1981

அன்புள்ள சுகராவுக்கு,

உன் கடிதத்தில் வரி கோணலாக இல்லை. தையல் வகுப்பைப் பற்றி நீ எழுதியது மட்டும்தான் கோணல். அந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருந்தது.

நான் சுகம். இங்கே மழை கம்மி.

களம் மாறிவிட்டது. வஹீத் ஒரு வாரம் இங்கேயே நின்று மேற்கு நிலத்தில் எட்டு சிமெண்டு மேடை போட்டார். சவ்வு மண்ணோடு ஒட்டாமல் காய்கிறது என்று வேலைக்காரப் பெண்களுக்கு மிகவும் சந்தோஷம். மொத்தம் இருபத்தாறு பேர். கைக்குழந்தைக்காரிகள் கிணற்றோரத்து வேப்பமரத்தில் தூளி கட்டியிருக்கிறார்கள். இரண்டே நாளில் பருந்தெல்லாம் மேற்கே வந்துவிட்டது. கிழக்கே வானம் கழுவி விட்டதுபோல் இருக்கிறது. விமானங்கள் அந்த வெறும் வானத்தில் இறங்குவதை மாடியில் நின்று பார்த்தேன். வெகுநாளைக்குப் பிறகு பகலில் சற்றுத் தூங்கினேன்.

பச்சையப்பன் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு ஒருவர் உங்களைப் போல இருந்தால் எங்கள் ஆபீசுக்கு வேலையே இல்லை என்றார். புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் உண்மையை உன்னிடம் மறைப்பானேன்?

வஹீதிடம் என் ஆசியைச் சொல்.

உன் தனபாக்கியம்

*

ஆம்பூர்,
22-9-1981

என் பிரியமுள்ள தனம்,

இதை என் மருமகள் சைரா எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், நல்ல கையெழுத்து. எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் கண்ணில் ஆபரேஷன். பிறகு இரண்டு மாதத்துக்குக் கட்டு அவிழ்க்கக் கூடாதாம், அதிர்ச்சியான பேச்சே காதில் விழக் கூடாதாம். அழுதால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்துகிறார். ஆகையால் சிரிப்பான விஷயமாக எழுது. சைரா படித்துக் காட்டுவாள்.

களம் நல்லபடி நடப்பது கேட்டு மனசு குளிர்ந்தது. உன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

உன் சுகரா

*

கல்மேடு,
12-10-1981

அன்புள்ள சுகராவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வஹீதின் ஆள் சொன்னான். நிம்மதி. நான் நலம்.

சிரிப்பான விஷயமாக எழுதச் சொன்னாய். கைவசம் ஒன்றும் இல்லை.

போன வியாழக்கிழமை காலையில் கொடியில் காய்ந்த என் புடவை வழக்கத்துக்கு மாறாக வீட்டைப் பார்த்துப் பறந்தது. மேல்காற்று நின்று வடகிழக்கிலிருந்து காற்று வருகிறது என்று அப்போதே தெரிந்தது. வருடா வருடம் வருவதுதானே என்று புடவையை மடித்து வைத்தேன். ஒன்பது மணிக்கு விமானச் சத்தம் கேட்டது. கிழக்கே பார்த்தேன், இல்லை. சத்தம் என் முதுகுப் பக்கம் இருந்தது.

மேற்கிலிருந்து இறங்கியது, சுகரா. களத்துக்கு நேர் மேலே. பனைமரத்து உயரம்தான் இருக்கும். பருந்துகள் இரண்டு பக்கமும் சிதறின. கீழே பெண்கள் குனிந்து சவ்வைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

நான் சம்பத்தை வரவழைத்துக் கேட்டேன். விமானம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்குமாம். மேல்காற்றில் கிழக்கிலிருந்து வரும், வாடைக்காற்றில் மேற்கிலிருந்து வரும். "களத்தைக் காலி பண்றாங்கன்னுதாம்மா நான் நினைச்சேன். இந்தப் பக்கம் கொண்டாந்து வைப்பீங்கன்னு தெரியாது" என்றார். தை மாதம் வரை காற்று இப்படித்தான் இருக்குமாம்.

இடத் தேர்வில் குறை இல்லை. அந்த இருபத்தொரு நாள் கணக்கும் சரியான கணக்கே. காற்றுதான் திரும்பிவிட்டது. எப்படியோ, களத்தை உடனே நிறுத்த வேண்டும். திட்டம் இன்னும் வரைவுதான் என்பதால் ஆபீஸ் உத்தரவு போட முடியாது. போட்டாலும் அவர்கள் படத்தில் சிவப்பு கிழக்கேதான் இருக்கிறது. நீ குத்தகைதாரர், நான் நிலத்துக்குச் சொந்தக்காரி. இருவரும் கையெழுத்துப் போட்டுக் களத்தை ஒழித்தால்தான் உண்டு. பத்திரம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு.

தனபாக்கியம்

*

ஆம்பூர்,
24-10-1981

அன்புள்ள தனத்துக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்குத் துஆ செய்கிறோம். கண் நன்றாக ஆறி வருகிறது. இங்கே இரண்டு நாள் நல்ல மழை. தீபாவளிக்கு வேலைக்காரப் பெண்களுக்குப் புடவை அனுப்பியிருக்கிறோம், கிடைத்திருக்கும். முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும்.

சுகரா பேகம்

*

கல்மேடு,
2-11-1981

அன்புள்ள சுகராவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பத்திரம் வரவில்லை. நீ என்னை "உங்கள்" என்று எழுதியது நமக்குத் தெரிந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. கோபமா? கோபம் என்றால் வெளிப்படையாகத் திட்டு. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் பைத்தியம் என்று ஊரில் பேசுகிறார்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். தினமும் எட்டு மணிக்குக் களத்துக்குப் போய் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தடியால் அடிக்கிறேன். பருந்து கலையும் என்று நினைத்தேன். முதல் நாள் கலைந்தது. மூன்றாம் நாள் ஒரு பருந்து என் குடைக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் இறங்கிச் சவ்வைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

மேஸ்திரி பூங்காவனம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னாம்மா நீ, அதுங்களுக்குப் போயி டப்பா தட்டிக்கிட்டு? நாங்கதான் அதுங்களுக்குச் சோறு போடறோம்னு நினைச்சுக்கிட்டு இருக்குதுங்க. நீ பேண்டு வாசிக்கிறேன்னு வேற இப்ப ஜாஸ்தியா வருதுங்க."

"ஏரோப்ளேன் உங்கள் தலையில் விழுந்தால் என்னடி செய்வாய்?"

"விழறது எங்க மேலதானே விழணும்? நீ போய் வெயில் படாம உக்காரும்மா. களம் மூடினா எங்க அடுப்பு மூடிக்கும். அது பெரிய ஏரோப்ளேன்."

வேறு வேலைக்கு வழி பார்க்காமல் களத்தை மூடச் சொல்வது சரியில்லைதான். என் மணிலாக் கொல்லையில் கடலை பிடுங்க, காயவைக்க என்று தை வரைக்கும் இருபத்தாறு பேருக்கும் வேலை கொடுக்கிறேன். பத்திரத்தில் இதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். புதிய பிரதி இத்துடன்.

தீபாவளிக்கு மறுநாள் மிச்ச வெடியைக் களத்தில் வைத்தேன். எல்லாப் பருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பி மேலே ஒரு கறுப்புக் கூரை போட்டதுபோல் சுற்றியது. அன்று சாயங்காலமே சம்பத் வந்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. வெடி போடாதீங்க. கீழே உக்காந்திருக்கிற பறவை எனக்குப் பரவாயில்லை. நீங்க எழுப்பி விட்டா நான் இறங்குற உயரத்துக்கு வந்துடுது." அதாவது நான் எதைச் செய்தாலும் அது அவருக்கு எதிராகத்தான் முடிகிறது.

இப்போது தகரத்தையும் விட்டுவிட்டேன். மாடியில் நின்று எண்ணுவது ஒன்றுதான் மிச்சம். சத்தம் மேற்கே கேட்டதும் எண்ணத் தொடங்குவேன். நாற்பது எண்ணுவதற்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் எனக்கு எண் மறந்துவிடுகிறது.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, சுகரா.

தனபாக்கியம்

*

ஆம்பூர்,
10-11-1981

அன்புள்ள தனத்துக்கு,

நலம். நலமறிய ஆவல். எட்டு மேடை கட்டியது சமீபத்தில்தான். கோடைக்கு முன் மாற்றுவது கஷ்டம் என்று அபிப்பிராயம். எல்லாம் நல்லபடி நடக்கும், இறைவன் இருக்கிறான். வீணாகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுகரா பேகம்

*

கல்மேடு,
18-11-1981

சைராவுக்கு,

ஆசீர்வாதம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

"அபிப்பிராயம்" என்ற சொல்லை உன் மாமியார் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆகையால் இதை உனக்கே எழுதுகிறேன். முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் படி. பிறகு என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு மேற்கிலிருந்து விமானம் வந்தது. நான் பதினெட்டு வரை எண்ணினேன். ஒரு பருந்து கீழேயிருந்து சவ்வோடு எழும்பியது. அது விமானத்தைப் பார்க்கவில்லை. தன் இரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையும் சத்தம் மாடி வரை கேட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து களத்தை நோக்கி இறங்கியது. பெண்கள் மேடைமேல் குப்புற விழுந்தார்கள். பூங்காவனம் மட்டும் விழவில்லை. வேப்பமரத்தைப் பார்த்து ஓடினாள். அங்கே அவள் மகளின் குழந்தை தூளியில் இருந்தது. விமானத்தின் சக்கரம் கொட்டகைக் கீற்றைக் கிழித்துக்கொண்டு போனது. தூளி அந்தக் காற்றில் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றியது.

எப்படியோ ஓடுபாதையில் போய் நின்றுவிட்டது. சம்பத்துக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பதினான்கு தையல். கூட இருந்த மாணவருக்குக் கை முறிவு. குழந்தை அழவே இல்லை. பூங்காவனம்தான் அதைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கீழே விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

யாரும் சாகவில்லை. இதே வாக்கியத்தை இன்னொரு முறை எழுத முடியுமா என்று எனக்குத் தெரியாது. விசாரணைக்காகப் பயிற்சியை நிறுத்தியிருக்கிறார்கள். டிசம்பர் ஏழாம் தேதி திங்கட்கிழமை மறுபடியும் தொடங்குகிறார்கள். காற்று மாறவில்லை. பருந்தும் போகவில்லை.

தனபாக்கியம்

*

ஆம்பூர்,
26-11-1981

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

சைரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலத்துக்கு எல்லோரும் துஆ செய்கிறோம்.

எனக்கு உங்கள் முன்னால் நிற்கவே வெட்கமாக இருக்கிறது. மாமியாருக்கு அதிர்ச்சியான விஷயம் எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், உங்கள் கடிதங்களில் நலம் விசாரித்த வரிகளை மட்டும் படிக்கச் சொன்னார் என் கணவர். பதிலையும் அவரே சொன்னார், நான் எழுதினேன். "தனம் ஏன் இப்படிக் கஞ்சத்தனமாக எழுதுகிறாள்?" என்று மாமியார் தினமும் கேட்பார்கள். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

நேற்று கட்டு அவிழ்த்தார்கள். இனி பயமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அக்டோபரிலிருந்து வந்த மூன்று கடிதத்தையும் முதல் எழுத்திலிருந்து படித்தேன். என் கணவரும் அங்கே இருந்தார். தடுக்கவில்லை.

மாமியார் அழவில்லை. முதலில், "தூளியில் இருந்த குழந்தை இப்போது பால் குடிக்கிறதா?" என்று கேட்டார்கள். பிறகு மகனைப் பார்த்து, "ஏன்டா?" என்றார்கள்.

அவர், "உங்க கண்ணுக்காகத்தாம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேடையும்தான்" என்றார்.

அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. போன சனிக்கிழமை விசாரணைக்காரர்கள் இங்கே வந்து, விமானம் இறங்கும் வழியில் களம் போடச் சொன்னது யார் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். "நானாகத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழக்குப் போடுவார்களோ என்று இப்போது எங்களுக்குப் பயம். மாமியார், "தனம் பேரை ஏன் சொல்லவில்லை?" என்றார்கள். "கல்மேட்டு அம்மாவைக் கூப்பிட்டு வெச்சு அவங்க கேள்வி கேக்கிறதை நான் எப்படிம்மா பாக்கிறது?" என்றார் அவர்.

மாமியார் கடைசியில் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதச் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும்:

"அன்றைக்குத் துணி திரும்பியது. இன்றைக்குக் காற்று திரும்பியது. தனம் மட்டும் திரும்பவே மாட்டாளா? என் பிள்ளை அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அவள் எனக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள், ஒன்றிலாவது தான் செய்தது தப்பு என்று இருக்கிறதா, தேடிப் பார். அதை அவள் கையால் எழுதி அனுப்பட்டும். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

பத்திரம் அவர்கள் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள,
சைரா

*

கல்மேடு,
30-11-1981

என் சுகராவுக்கு,

உன் கண் திறந்தது கேட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். குழந்தை பால் குடிக்கிறது. பூங்காவனம் அதை இனிக் களத்துக்குக் கொண்டுவர மாட்டாளாம். நேற்று இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு அவளே என்னிடம் வந்து, "மணிலா எப்ப பிடுங்கணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை.

கேட்டதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும். புதிதாக எழுதி அனுப்பப் போவதில்லை.

நான் தவறு செய்தேன். காட்பாடி ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது போல, விமானத்துக்கும் ஒரே வழி என்று நினைத்துவிட்டேன். இருபத்தொரு நாள் பார்த்தேன். எல்லாம் மேல்காற்றுக் காலத்தில். சம்பத் தினமும் என் வீட்டில் மோர் குடித்தார். எப்போதும் இப்படித்தான் இறங்குவீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த நோட்டை நம்பி ஆபீஸ் படத்தில் மை பூசினார்கள். அதை நம்பி நீ உன் பிள்ளையை அனுப்பினாய். காற்று திரும்பியதில் தவறில்லை. அது என் அறுபத்தெட்டு வயது முழுவதும் புரட்டாசி, ஐப்பசியில் திரும்பியிருக்கிறது. புடவை பறந்த அன்றைக்கே எனக்கு இது புரிந்துவிட்டது. அன்று முதல் ஆறு வாரம், என் மேல் குறை வராதபடி எப்படி எழுதுவது என்றுதான் ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் யோசித்தேன். நான் அந்த அக்டோபர் கடிதத்திலேயே "தவறு என்னுடையது" என்று எழுதியிருந்தால் வஹீத் அதை உனக்கு மறைத்திருக்க மாட்டார். வேண்டாத கிழவி இடத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

இதையே சுருக்கி விசாரணைக்காரர்களுக்கும், பச்சையப்பன் ஆபீசுக்கும் இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு முனைக்கும் சிவப்புப் பூசச் சொல்லியிருக்கிறேன். மேற்கு நிலத்தைக் காட்டியது நான், வஹீத் என் சொல்லை நம்பி வந்தவர் என்று எழுதி, நோட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வஹீதிடம் சொல்: என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கட்டும். எனக்கு நாற்காலி போடுவார்கள், உட்கார்ந்து பதில் சொல்வேன். ஆனால் பொய்க்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். நன்றி சொல்லாததற்காக அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சுகரா. விமானம் இல்லாத இந்தப் பதின்மூன்று நாளும் ஒன்பது மணிக்கு என் வாய் தானாக எண்ணுகிறது. பெண்கள் வராததால் மேடைமேல் மிச்சமிருக்கும் சவ்வைப் பருந்துகள் மட்டும் சாவகாசமாகத் தின்கின்றன. வாரிப் புதைக்க நான் தயார். உன் கையெழுத்து இல்லாமல் உன் சரக்கை நான் தொடக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை சம்பத் வருகிறார், தையல் பிரித்த முகத்தோடு. அவரே முதல் விமானத்தை இறக்கப் போகிறாராம்.

ஆள் மூலம் சொல்லி அனுப்பாதே. சைரா எழுத வேண்டாம். உன் கையால் எழுது, கோணலாக இருக்கட்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுத்தில் பதில் அனுப்பு.

தனம்